கரு காத்திருக்கும், லாயம் காத்திருக்குமா?

பீகானேர் விஞ்ஞானிகள் வாடகைத் தாய் மூலம் மார்வாரிக் குட்டிகளைப் பிறக்கவைத்துவிட்டார்கள். ஆனால் 7 ஆண்டுகளில் நாட்டின் குதிரைகளில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு மறைந்துபோனதற்குக் காரணம் கருப்பையில் இல்லை.

பிறந்தபோது அதன் எடை 23 கிலோ. பெயர் ராஜ்-பிரதம். 2023 மே மாதம் ராஜஸ்தானின் பீகானேரில் பிறந்த இந்தப் பெண் குட்டிக்கும் அதை ஈன்ற குதிரைக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. வேறொரு மார்வாரிக் குதிரையின் வயிற்றில் உருவான ஏழரை நாள் கருவை வெளியே எடுத்து, இந்த வாடகைத் தாயின் கருப்பையில் வைத்திருந்தார்கள். மார்வாரி இனத்தில் கருமாற்ற முறையில் பிறந்த முதல் குட்டி இதுதான் என்று அறிவித்தது தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்.

ஐந்து மாதம் கழித்து, அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு வரவு. எடை 20 கிலோ, பெயர் ராஜ்-ஹிமானி. இந்தக் குட்டியின் கதை இன்னும் விசித்திரமானது. உறைவிந்து மூலம் உருவான கருவைத் திரவ நைட்ரஜனில் சுமார் இரண்டு மாதம் உறையவைத்து, பிறகு உறைநிலை நீக்கி வாடகைத் தாய்க்கு மாற்றினார்கள். டி. ராவ் தல்லூரி தலைமையிலான விஞ்ஞானிகள் குழுவின் இந்தச் சாதனை அறிவியல் வட்டாரத்தில் பாராட்டுப் பெற்றது நியாயம்தான். அதன் பிறகு லடாக்கின் ஜான்ஸ்கரி மட்டக்குதிரையிலும் கருமாற்றம் வெற்றி பெற்றிருக்கிறது.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2012-ல் நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 6.25 லட்சம் இருந்தன. 2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் அது சுமார் 3.4 லட்சமாகச் சுருங்கியிருந்தது. சரிவு 45 சதவிகிதத்துக்கும் அதிகம். கோவேறு கழுதைகள் சுமார் 2 லட்சத்திலிருந்து 84 ஆயிரத்துக்கு இறங்கின. கழுதைகளின் நிலை இன்னும் மோசம். 3.2 லட்சத்திலிருந்து 1.2 லட்சம், அதாவது 61 சதவிகித வீழ்ச்சி. ஆடு, கோழி, பசு எல்லாம் பெருகிய அதே 7 ஆண்டுகளில் நடந்தது இது.

பெண் குதிரையின் இனப்பெருக்க ரகசியங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவரும் விஞ்ஞானிகளால் இந்தச் சரிவைத் தடுத்து நிறுத்த முடியுமா? பாதி வரை முடியும். மீதிப் பாதி வேளாண் கொள்கையின் கையில் இருக்கிறது.

அவசரம் அறியாத கருப்பை

முதலில் விஞ்ஞானிகளின் பாதி. குதிரையைப் பெருக்குவது பசுவைப் பெருக்குவது போல எளிதல்ல. குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள். ஆண்டுக்கு ஒரு குட்டி வேண்டுமானால், ஈன்ற 25 நாளுக்குள் அது மறுபடி சினைப்பட வேண்டும். இயற்கை அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஈன்ற ஒன்றிரண்டு வாரத்துக்குள்ளேயே குதிரை மீண்டும் பருவத்துக்கு வந்துவிடும். ஆனால் ஈன்றபோது கருப்பையில் கிருமி தொற்றியிருந்தாலோ, தீவனம் போதாமல் உடல் மெலிந்திருந்தாலோ அந்த வாய்ப்பு கைநழுவும்.

அடுத்த சிக்கல் பருவம். பசுவும் எருமையும் போலன்றி, குதிரை பகல் நீளும் காலத்தில்தான் இனச்சேர்க்கைக்குத் தயாராகும். வட இந்தியாவில் குளிர்காலம் முழுக்கப் பல குதிரைகளின் சினைப்பை உறங்கிக் கிடக்கும். வெயில் ஏறும்போது விழித்துக்கொண்டால் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும். அது ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கும். கருமுட்டை வெளிவருவது அதன் கடைசி ஓரிரு நாளில். எந்த நாள் என்று தெரியாமல் பொலிகுதிரையிடம் கொண்டுபோனால் கூலியும் பயணமும் வீண்.

பசுவுக்கு ஹார்மோன் ஊசி போட்டு ஒரே சமயத்தில் பல கருமுட்டைகளை வெளிவரச் செய்யலாம். குதிரையிடம் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. பசுவின் சினைப்பையில் மேற்பரப்பின் எந்த இடத்திலிருந்தும் முட்டை வெளிவரும். குதிரையின் சினைப்பையிலோ ஒரே ஒரு சிறு குழி வழியாகத்தான் வெளியேற முடியும். ஆகவே பொதுவாக ஒரு பருவத்துக்கு ஒரு முட்டை, அதிலிருந்து கிடைத்தால் ஒரு கரு. அந்த ஒன்றுக்காகக் கருப்பையைக் கழுவி, வடிந்த திரவத்தை வடிகட்டி, நுண்ணோக்கியின் கீழே தேட வேண்டும். தேடப்படும் பொருள் கடுகளவுகூட இராது.

ஏழரை நாள் என்ற கணக்குக்கும் காரணம் உண்டு. குதிரையின் கருக்குழாய் ஒரு கண்டிப்பான காவல்காரன். கருவுறாத முட்டைகளை அது கருப்பைக்குள் விடுவதில்லை. அவை குழாயிலேயே தங்கிக் கரைந்துபோகும். கருவுற்ற முட்டை மட்டும் ஒரு வேதிப்பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்தி, சுமார் ஆறாம் நாள் உள்ளே நுழைகிறது. அதற்கு முன்னால் கழுவினால் ஒன்றும் கிடைக்காது. நாள் கடந்தாலும் ஆபத்து. கருப்பைக்குள் வந்ததும் கருவைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உருவாகிறது. கருவும் வேகமாகப் பெருக்கிறது. உறையவைக்கும்போது செல்களைக் காக்கும் மருந்து அந்த உறையைத் தாண்டி உள்ளே போகத் திணறும். உள்ளே இருக்கும் நீர் பனித்துகளாகி, செல்களைக் கிழித்துவிடும். பசுக் கருவை உறையவைப்பது பல நாடுகளில் அன்றாட வேலையாகி நெடுங்காலம் ஆன பிறகும் குதிரைக் கரு அடம்பிடித்தது இதனால்தான். ராஜ்-ஹிமானியின் பிறப்புக்கு விஞ்ஞானிகள் தரும் முக்கியத்துவம் இந்தப் பின்னணியில் புரியும்.

வாடகைத் தாயின் உடலையும் ஏமாற்றியாக வேண்டும். அதன் பருவச் சுழற்சி கரு தரும் தாயின் சுழற்சியோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். கரு உள்ளே போன பிறகும் ஓரிடத்தில் நிற்காது. பதினாறாம் நாள் வரை கருப்பையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அலைந்துகொண்டே இருக்கும். அந்த ஓட்டம்தான் 'நீ சினையாக இருக்கிறாய், அடுத்த பருவத்துக்குப் போகாதே' என்று தாயின் உடலுக்குச் சொல்லும் செய்தி. ஓட்டம் தடைப்பட்டால் தாயின் உடல் கருவைக் கைவிட்டுவிடும்.

இவ்வளவையும் கடந்தால் லாபம் பெரிது. நல்ல வம்சத்துக் குதிரை 11 மாதம் ஒரே குட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. அது மாதாமாதம் கரு தர, சாதாரணக் குதிரைகள் சுமந்து ஈன்று பாலூட்டும். வயதாகிச் சுமக்க முடியாத குதிரையின் வம்சமும் அறுந்துபோகாது. போலோ விளையாட்டுக்குப் பேர்போன அர்ஜென்டினாவில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் இந்தியாவில் குதிரைக்காக அதிகப் பணம் புரளும் பந்தய உலகத்துக்கு இதனால் பயன் இல்லை. தரோபிரெட் பந்தயக் குதிரைகள் இயற்கையான சேர்க்கையில் பிறந்தால்தான் பதிவேட்டில் இடம் உண்டு என்பது உலகம் முழுவதும் உள்ள விதி.

சினையா, இல்லையா?

கருமாற்றம் தலைப்புச் செய்தி. ஆனால் ஏழைக் குதிரைக்காரருக்கு அதைவிட உபயோகமான ஆராய்ச்சி ஒன்று சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். குதிரை சினையாக இருக்கிறதா, இல்லையா?

மருத்துவர் ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்த்துச் சொல்லலாம். அதற்குத் தேர்ந்த கை வேண்டும். ஸ்கேன் கருவி இருந்தால் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் எத்தனை கிராமக் கால்நடை மருந்தகங்களில் அது இருக்கிறது? பதில் தெரியாமல் போனால் சினைக் குதிரை செங்கல் பாரம் இழுத்துக் கருவைக் கலைத்துக்கொள்ளும். அல்லது சினைப்படாத குதிரைக்கு ஒரு பருவம் முழுக்கச் சும்மா தீனி போட நேரும்.

சினைக் குதிரையின் ரத்தத்தில் ஒரு தனி ஹார்மோன் உண்டு என்பதை 1930-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கோலும் ஹார்ட்டும் கண்டுபிடித்தார்கள். கருவிலிருந்து பிரிந்த செல்கள் தாயின் கருப்பைச் சுவருக்குள் இறங்கிக் கிண்ணம் போன்ற அமைப்புகளை உருவாக்குகின்றன. சுமார் 40-வது நாளிலிருந்து 120-வது நாள் வரை இந்த ஹார்மோனைச் சுரப்பவை அவைதான். இதை ரத்தத்தில் அடையாளம் காணும் பரிசோதனை முறையை தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. ஊருக்கு ஸ்கேன் வர வேண்டாம், கொஞ்சம் ரத்தம் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் போதும்.

இதிலும் இரண்டு பொறிகள் உண்டு. கிண்ணங்கள் உருவான பிறகு கரு இறந்துவிட்டாலும் ஹார்மோன் சில காலம் சுரந்துகொண்டிருக்கும். பரிசோதனை 'சினை' என்று சொல்லும், வயிற்றில் ஒன்றும் இருக்காது. இரண்டாவது, ஆண் கழுதையோடு சேர்ந்து கோவேறு கழுதைக் குட்டியைச் சுமக்கும் குதிரையிடம் இந்த ஹார்மோன் மிகக் குறைவு. கோவேறு கழுதைகளுக்காகவே குதிரை வளர்க்கப்படும் பகுதிகளில் இதைக் கவனிக்காமல் முடிவு சொன்னால் தவறிப்போகும். பரிசோதனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைப் படித்துச் சொல்ல விவரம் தெரிந்த கால்நடை மருத்துவர் வேண்டும் என்பதே இதன் பொருள்.

இந்த ஹார்மோனுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பன்றி, செம்மறி, பசு ஆகியவற்றைப் பருவத்துக்கு வரவழைக்க உலகச் சந்தையில் இது விற்கப்படுகிறது. ஐஸ்லாந்திலும் அர்ஜென்டினா, உருகுவே நாடுகளிலும் சினைக் குதிரைகளிடமிருந்து லிட்டர் கணக்கில் ரத்தம் எடுத்துத் தயாரிக்கிறார்கள். விலங்கு நல அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்க்கின்றன. பெண் குதிரையின் உடலைப் பற்றிய அறிவு அதன் உடைமையாளருக்கு உதவலாம், அதன் ரத்தத்தையே சரக்காக்கவும் செய்யலாம். எந்தப் பக்கம் போவது என்பதை அறிவியல் தீர்மானிப்பதில்லை.

வேலை போன கதை

ஹரியானாவின் ஹிசாரில் இந்த மையத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1985-ல் தொடங்கியது. 1989-ல் பீகானேர் வளாகம் வந்தது. அப்போது நகரங்களில் குதிரை வண்டி ஓடியது. சூளைகளில் செங்கல் சுமக்கக் குதிரையும் கழுதையும் வேண்டியிருந்தன. மலை முகாம்களுக்கு ராணுவத்தின் பொருள்களைக் கோவேறு கழுதைகள் கொண்டுபோயின.

ஒவ்வொன்றாகக் கதவுகள் அடைபட்டன. ஷேர் ஆட்டோவும் பிறகு பேட்டரி ரிக்‌ஷாவும் வண்டிக்காரர்களின் பிழைப்பைப் பறித்தன. மும்பையின் விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிருகவதை என்ற அந்த வாதத்தில் உண்மை இருந்தது. சூளைகளில் டிராக்டரும் இயந்திர வண்டிகளும் புகுந்தன. 2025 ஜனவரியில் புனேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் நடந்து வந்தவை நான்கு கால் இயந்திரங்கள். அவற்றுக்கு வைத்த பெயரே 'ரோபோ கோவேறு கழுதை'. கழுதைகளுக்குக் கூடுதலாக இன்னொரு ஆபத்து. சீன மருந்துக்காகத் தோலுக்கென அவை சட்டவிரோதமாகக் கொல்லப்படுவதாக புரூக் இந்தியா அமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது.

வேலை இருக்கும் இடத்திலும் நிம்மதி இல்லை. கேதார்நாத் பாதையில் பக்தர்களைச் சுமப்பவை இன்றும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான். 2025 மே மாதம் அங்கே அடுத்தடுத்து விலங்குகள் இறந்ததால் சேவையையே தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது.

இந்தச் சரிவின் நடுவே ஒரு முரண்பாடு. புஷ்கர் சந்தையில் உயர் வம்சத்து மார்வாரிக்கு லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். கல்யாண ஊர்வலம், கண்காட்சி, பண்ணை வீட்டு அந்தஸ்து என்று அதற்குத் தேவை இருக்கிறது. மன்னர் ஆட்சியும் ஜாகீர்களும் போன பிறகு அழிவின் விளிம்புக்கு வந்த அந்த இனம், ஆர்வலர்களின் முயற்சியால் மீண்டும் மதிப்புப் பெற்றது. ஆனால் இன வாரிக் கணக்கின்படி 2019-ல் நாட்டில் இருந்த மார்வாரிகள் 33,267 மட்டுமே. மொத்தக் குதிரைகளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் மிகப் பெரும்பகுதி எந்த இனப் பெயரும் இல்லாத உழைக்கும் குதிரைகள். வேகமாக மறைந்துகொண்டிருப்பவையும் அவைதான். பீகானேரின் தொழில்நுட்பம் முதலில் போய்ச் சேரப்போவது யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மணிப்பூர் தரும் பாடம்

வேலையும் மேய்ச்சலும் போனால் என்ன நடக்கும் என்பதற்கு மணிப்பூர் சாட்சி. இன்றைய போலோ விளையாட்டு பிறந்த மண் அது. ஆங்கிலேயர் மணிப்பூர் மக்களிடமிருந்துதான் அதைக் கற்றுக்கொண்டு உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். அந்த விளையாட்டின் நாயகனான மணிப்புரி மட்டக்குதிரை 2003 கணக்கெடுப்பில் 1,898 இருந்தது. 2012-ல் 1,101. 2019-ல் 1,089.

இங்கே சினைப்படாதது பிரச்சினை அல்ல. இம்பால் சமவெளியில் குதிரைகள் மேய்ந்த ஈரநிலங்கள் கட்டடங்களாகவும் அலுவலகங்களாகவும் மாறின. மேய இடமில்லாத குதிரைகள் சாலையில் அலைந்து வண்டியில் அடிபட்டன, குப்பையில் பிளாஸ்டிக்கைத் தின்று இறந்தன. மாநில அரசு 2013-ல் இந்த இனத்தை அழியும் நிலையில் இருப்பதாக அறிவித்தது. 2016-ல் அதைப் பாதுகாக்கத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அதில் மிக முக்கியமான கேள்வி மேய்ச்சல் நிலம். எத்தனை கருவை உறையவைத்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

குதிரையைப் பிறக்கவைப்பதைவிட வளர்த்துக் காப்பது கடினம் என்பது இந்தியாவுக்குப் பழைய அனுபவம். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரேபியக் குதிரைகளைக் கடல் வழியே வாங்குவதைப் பார்த்து வியந்தார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவை சீக்கிரமே செத்துப்போவதாகவும், நல்ல குதிரைகளைச் சேர்த்தாலும் பிறக்கும் குட்டி கால் கோணி உதவாமல் போவதாகவும் எழுதிவைத்தார். அவர் சொன்னதில் மிகை இருக்கலாம். ஆனால் தீனியும் தட்பவெப்பமும் வளர்ப்பவரின் அறிவும் சேர்ந்தால்தான் ஒரு குதிரை இனம் நிலைக்கும் என்ற செய்தி அதில் இருக்கிறது. இன்றும் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மார்வாரியும் கத்தியவாரியும் வருகின்றன. அவற்றின் பூர்வீகம் மேற்கு இந்தியாவின் வறண்ட மண்.

50 லட்சம் யாருக்கு?

தில்லிக்கு இது தெரியாமல் இல்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை தேசியக் கால்நடை இயக்கத்தைத் திருத்தி, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றை அதில் சேர்த்தது. இவற்றை வளர்க்கத் தொழில் தொடங்கும் தனிநபர்கள், சுய உதவிக் குழுக்கள், விவசாய உற்பத்தியாளர் அமைப்புகள் போன்றவற்றுக்குச் செலவில் 50 சதவிகிதம், அதிகபட்சம் 50 லட்ச ரூபாய் மானியம். குதிரை, கழுதை, ஒட்டகங்களுக்கான விந்து நிலையத்துக்கும் மூல இனப்பெருக்கப் பண்ணைக்கும் மத்திய அரசு 10 கோடி ரூபாய் தரும்.

பசு, எருமைகளுக்கான ராஷ்ட்ரிய கோகுல் இயக்கம் 2014-ல் தொடங்கியது. 2021-26 காலத்துக்கு அதன் ஒதுக்கீடு 3,400 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாட்டில் 30 கோடி மாடுகளும் எருமைகளும் இருக்கும்போது இந்த வித்தியாசத்தை அநியாயம் என்று சொல்ல முடியாது. பால் தரும் விலங்குக்குப் பின்னால் ஓட்டும் இருக்கிறது, சந்தையும் இருக்கிறது. நீண்ட காலமாக எந்தப் பட்டியலிலும் இடம் இல்லாமலிருந்த குதிரைக்குப் பட்டியலில் இடம் கிடைத்ததே முன்னேற்றம்தான்.

ஆனால் மானியத்தின் அமைப்பைப் பாருங்கள். முழு 50 லட்சத்தைப் பெற ஒரு கோடி ரூபாய்த் திட்டம் வேண்டும். வங்கிக் கடனோ சொந்தப் பணமோ மீதிப் பாதியைத் தர வேண்டும். இது பண்ணை வைக்க முடிந்தவருக்கான திட்டம். ஒரு குதிரையும் ஒரு வண்டியும் மட்டும் வைத்து, சூளை சூளையாக அலையும் நிலமற்ற குடும்பத்துக்கு இது எட்டாது. சுய உதவிக் குழுக்களுக்கு இடம் தரப்பட்டிருப்பது மட்டுமே அவர்களுக்கான சிறு வாசல். அதே முடிவில் தரிசு நிலங்களில் தீவனம் வளர்க்க மாநிலங்களுக்கு உதவியும், காப்பீட்டுத் தொகையில் பயனாளியின் பங்கை 15 சதவிகிதமாகக் குறைத்ததும் இருக்கின்றன. குதிரைக்காரருக்கு உண்மையில் உதவக்கூடியவை இந்த இரண்டும்தான். அதிகம் பேசப்படாதவையும் இவைதான்.

நோய் விஷயத்திலும் இதே கதை. கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் 2006-ல் இந்தியாவில் மீண்டும் தலைதூக்கியது. மனிதருக்கும் தொற்றக்கூடிய இதற்குத் தடுப்பூசி இல்லை. நோய் உறுதியானால் விலங்கைக் கருணைக் கொலை செய்வதே சட்டம். அறிகுறி தெரிந்ததும் தகவல் சொல்ல வேண்டியவர் அந்தக் குதிரையை நம்பி அடுப்பு எரிப்பவர். இழப்பீடு போதாது, அல்லது தாமதமாகும் என்று அவர் நினைத்தால் இரவோடு இரவாகக் குதிரையை அடுத்த சந்தைக்கு ஓட்டிவிடுவார். நோயும் கூடவே போகும். 2025-ல் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் பிரிவு மையத்துக்கு நோயற்ற வளாகம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. விளையாட்டுக் குதிரைகள் வெளிநாடு சென்று போட்டியிட அது வழி திறக்கும். சூளைக் குதிரையின் நோய்க்கு நிவாரணம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

இன்னும் உழைக்க இடம் உண்டா?

டிராக்டர் யுகத்தில் குதிரைக்கு வேளாண்மையில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்தியாவில் ஏர் இழுத்தது காளை, குதிரை அல்ல. ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு மேல் டிராக்டர் விற்கும் நாட்டில் காளைக்கே வேலை இல்லை. ஆனால் 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நில உடைமைகளில் 86 சதவிகிதம் 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. டிராக்டரை வாடகைக்குப் பிடித்து டீசல் செலவும் ஏற்கும் அந்தச் சிறு விவசாயிக்கு, பாரம் இழுக்கவும் களத்திலிருந்து விளைச்சலைக் கொண்டுபோகவும் ஒரு விலங்கு இன்னும் லாபம்தான். ஜான்ஸ்காரிலும் ஸ்பிதியிலும் சாலை எட்டாத இடங்களில் வேறு வழியே கிடையாது. அந்த மலைகளின் மெல்லிய காற்றில் பாரத்தோடு ஏறப் பழகிய உடல் பல நூற்றாண்டுத் தேர்வின் விளைவு. அதை வாங்க முடியாது, இழந்தால் திரும்பச் செய்யவும் முடியாது.

பீகானேர் வளாகத்தில் குதிரை, கழுதைகளைக் கொண்டு உழவு, தீவனம் நறுக்குதல் போன்ற வேலைகளுக்கான கருவிகளைச் சோதித்திருக்கிறார்கள். லாயத்துச் சாணத்திலிருந்து மண்புழு உரமும் தயாரித்திருக்கிறார்கள். மாட்டைப் போல் அசைபோடாத குதிரை, தின்னும் தீனிக்கு வெளியிடும் மீத்தேன் வாயுவும் குறைவு. நீடித்த வேளாண்மை பற்றிப் பேசும் கொள்கை ஆவணங்கள் சூரிய சக்தி பம்பையும் சொட்டு நீரையும் மறப்பதில்லை. விலங்கின் இழுசக்தி அவற்றில் ஒரு வரி இடம் பெற்றாலே அதிகம்.

கருமாற்றத்திலேயே ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பரிசு வாங்கிய நான்கைந்து குதிரைகளின் கருவையும் விந்தையும் மட்டும் எல்லோரும் கேட்டால், தலை எண்ணிக்கை கூடும், ரத்தம் குறுகும். ஏற்கெனவே சில ஆயிரங்களாகச் சுருங்கிவிட்ட இனத்தில் ஒரே வம்சம் பரவுவது, பரம்பரைக் குறைகளை ஊர் முழுக்க விதைப்பதற்குச் சமம். எந்தக் குதிரை எந்தக் குதிரைக்குப் பிறந்தது என்ற நம்பகமான பதிவேடு, கருமாற்றக் கூடத்துக்கு முன்னால் வர வேண்டிய ஏற்பாடு. மார்வாரிக்கு அது ஓரளவு இருக்கிறது. பூட்டியாவுக்கும் ஸ்பிதிக்கும் கச்சி-சிந்திக்கும் அதே அக்கறை வேண்டும்.

செய்ய வேண்டியதைப் பட்டியலிடுவது கடினம் அல்ல. பரிசோதனைக் கருவியை மாவட்டக் கால்நடை மருத்துவமனை வரை கொண்டுபோக வேண்டும். உறைவிந்தும் கருவும் அழியும் இனங்களுக்கு முதலில் கிடைக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தைக் கையகப்படுத்தும் முன் யார் விலங்கு அங்கே மேய்கிறது என்று கேட்க வேண்டும். யாத்திரைப் பாதைகளிலும் சூளைகளிலும் பாரத்துக்கு வரம்பும் விலங்குக்கு ஓய்வும் கட்டாயமாக வேண்டும். இழப்பீடு நோயை விட வேகமாக வந்து சேர வேண்டும். இவற்றில் முதல் இரண்டை ஹிசாரும் பீகானேரும் செய்ய முடியும். மற்றவை தலைமைச் செயலகங்களில் முடிவாக வேண்டியவை.

21-வது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. அந்த எண்கள் எதைச் சொன்னாலும் ஒன்று நிச்சயம். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், ஒரு குதிரைக் கரு பல ஆண்டுகள் பசியில்லாமல் காத்திருக்கும். சூளையில் வேலை இழந்த குதிரைக்காரர் அடுத்த தீவன மூட்டைக்குக் கையில் காசு இருக்கும்வரைதான் காத்திருப்பார்.